பேட்டரியை டூலிலேயே மாட்டி வண்டியில் விடலாமா?

மரவேலை_சிங்காநல்லூர்:
நேற்று நம் குழுவில் ஒரு படம் வந்தது, பலரும் பார்த்திருப்பீர்கள். மாருதி ஈக்கோ வேனின் பின்பக்கம் முழுக்க பிளைவுட் ராக். பலகையில் பள்ளம் வெட்டி, பேட்டரியில் ஓடும் டிரில், இம்பாக்ட் டிரைவர், கிரைண்டர், ராட்டரி ஹாமர் எல்லாவற்றையும் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் பேட்டரி மாட்டியபடியே இருக்கிறது. ராக் வேலையில் எனக்குக் குறை இல்லை. கீழே எழுதியிருந்த வரிதான் எரிச்சல்: "பேட்டரியைக் கழற்றித் தனியாக வைப்பது வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பழக்கம், வண்டியிலேயே கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது." இதைப் படித்துவிட்டு நாளைக்கு எத்தனை பையன்கள் அப்படியே செய்வார்கள்?

டூல் கம்பெனி மகிடா டூலோடு கொடுக்கும் விளக்கப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 50 டிகிரியைத் தொடக்கூடிய இடத்தில் டூலையும் பேட்டரியையும் வைக்காதே என்று தெளிவாகப் போட்டிருக்கிறான். பாஷ் புத்தகத்திலும் அதே 50தான், கூடவே கோடைக்காலத்தில் காருக்குள் பேட்டரியை விடாதே என்று உதாரணமே சொல்லியிருக்கிறான். நம் ஊர் மே மாதத்தில் வெளியே 40 இருந்தால், வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 60 பக்கம் போய்விடும்.

என் வழக்கம் இதுதான். டூல் வண்டியில், பேட்டரி தனிப் பெட்டியில். 12 எம்எம் பிளைவுட்டில் தடுப்பு வைத்த கைப்பிடிப் பெட்டி. சார்ஜ் ஆனது முகம் முன்னால் பார்த்து நிற்கும், தீர்ந்தது திருப்பி நிற்கும். சைட்டில் இறங்கும்போது பெட்டி கூட வரும், சாயங்காலம் வீட்டுக்கும் வரும். ஹெல்பர் கேட்காமலே எடுத்துக் கொடுப்பான்.

ஏசி_ஃபிட்டர்_தாம்பரம்:
அது என் வண்டி, நான் போட்ட படம். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

ஒரு நாளில் நாலைந்து வீடு ஏறி இறங்குகிற வேலை எனக்கு. கஸ்டமர் பால்கனியில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும்போது பெட்டியைத் திறந்து, பேட்டரியைத் தேடி, மாட்டி, அப்புறம் டிரில்லைப் பிடிக்க நேரம் இல்லை. கை நீட்டினால் டூல் வர வேண்டும். வண்டி பெரும்பாலும் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில்தான் நிற்கும். அங்கே எங்கே உங்கள் 50 டிகிரி?

இன்னொன்று சொல்கிறேன், இதற்குப் பதில் சொல்லுங்கள். என் வண்டியில் காப்பர் பைப் துண்டு, பைப்பை இணைக்கிற ஃப்ளேர் நட், ஸ்க்ரூ எல்லாம் உருளும். கழற்றிப் போட்ட பேட்டரியின் டெர்மினலில் அது உட்கார்ந்தால் ஷார்ட். டூலில் மாட்டியிருந்தால் டெர்மினல் மூடியிருக்கும். எது பாதுகாப்பு?

மரவேலை_சிங்காநல்லூர்:
ஆணி, காசு, ஸ்க்ரூ கூட பேட்டரியைப் போடாதே என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறதுங்க. அதற்குத்தான் பேட்டரியோடு பிளாஸ்டிக் மூடி கொடுக்கிறார்கள். வாங்கிய அன்றே அதைக் குப்பையில் போட்டுவிட்டு, டூலே மூடி என்றால் எப்படி? ஃப்ளேர் நட் உருளுகிறது என்றால் சரிசெய்ய வேண்டியது ஃப்ளேர் நட்டை.

5 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்று 600 கிராமுக்கு மேல். பள்ளத்தில் தொங்குகிற டூலின் அடியில் அந்தக் கனம் நாள் முழுக்க ஆடினால் பேட்டரி உட்காரும் ஷூ, டெர்மினல், கிளிப் எல்லாம் தேயும். ஃபார்வர்டு ரிவர்ஸ் பட்டனை நடுவில் தள்ளி வைக்காமல் தொங்கவிட்டால் பக்கத்து டூல் இடித்து ட்ரிகர் அமுங்கும், டிரில் தானாகச் சுற்றும்.

பேஸ்மென்ட் என்கிறீர்கள். தனி வீடு? கடை? ரோட்டோரம் வண்டியை விட்டுவிட்டு மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட் மாட்டுகிற நாள்? 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி பதிவானது. அன்றைக்கும் பேஸ்மென்ட்டா? 50, 50, 50. அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பழைய_டர்னர்:
ஒயர் வைத்த டூல் வாங்கினால் இந்தச் சண்டையே இல்லை. என் பட்டறையில் கிரைண்டர், டிரில் எல்லாம் ஒயர்தான். வெயில், மழை எதுவும் அதற்குத் தெரியாது. நல்ல பேட்டரி ஒன்று வாங்குகிற காசுக்கு ஒயர் மார்பிள் கட்டரே வந்துவிடும், மிச்சமும் இருக்கும். பேட்டரியை எங்கே வைப்பது, எப்படித் தூங்க வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சோலார்_திண்டுக்கல்:
டர்னர் ஐயா, கூரை மேல் சோலார் ஃப்ரேம் மாட்டுகிறவனுக்கு ஒயர் எங்கிருந்து வரும்? பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை வேறு, ஏறி இறங்கிச் செய்கிற வேலை வேறு.

வைப்பதைப் பற்றியே இரண்டு பேரும் பேசுகிறீர்கள், வண்டிக்குள் சார்ஜ் போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. படத்தில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் செருகி, அதில் சார்ஜர் நிற்கிறது. மகிடா டிசி18ஆர்சி போன்ற வேக சார்ஜர் 240 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் அது 20 ஆம்பியர், இன்வெர்ட்டர் நஷ்டம் சேர்த்தால் இன்னும் மேலே. லைட்டர் சாக்கெட் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15. ஃபியூஸ் போனால் நல்லது. போகாமல் பெரிய ஃபியூஸ் மாற்றிப் போட்டிருந்தால் ஒயர் சூடாகும், அதுதான் பயம். வண்டி பேட்டரியிலிருந்து தனி கனத்த ஒயர், அதன் வாயிலேயே ஃபியூஸ், வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தருகிற ப்யூர் சைன் இன்வெர்ட்டர், அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஏசி_ஃபிட்டர்_தாம்பரம்:
வேக சார்ஜர் என்று நான் எங்கே சொன்னேன்? அது ஸ்லோ சார்ஜர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஃபியூஸ் ஒருநாளும் போனதில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

சிங்காநல்லூர் அண்ணா, கோயம்புத்தூர் காற்றில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வெயில் சொல்லிக்கொடுக்காதீர்கள். 50, 50 என்கிறீர்களே, நீங்கள் அளந்தீர்களா? புத்தகத்தில் படித்தது தவிர கையில் என்ன இருக்கிறது?

மரவேலை_சிங்காநல்லூர்:
அளந்தேன். திருப்பூர் சைட்டில் மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியின் ராக்கில் ஐஆர் கன் (தொடாமலே சூடு அளக்கும் கருவி) அடித்தேன், 57 காட்டியது. போதுமா?

ஏசி_ஃபிட்டர்_தாம்பரம்:
ராக்கில்! பேட்டரியில் இல்லை! ஐஆர் கன் மேல்தோலைத்தான் அளக்கும். வெயில் படுகிற பலகை சுடும், உள்ளே இருக்கிற செல்லும் அதே சூடு என்று யார் சொன்னது? நான் தினமும் டக்ட்டிலும் பைப்பிலும் கன் அடிக்கிறவன். பளபளப்பான காப்பரில் அடித்தால் அது பாட்டுக்குத் தப்பாகக் காட்டும். கன் வாங்கியவர் எல்லாம் டெக்னீஷியன் ஆகிவிட முடியாது.

மரவேலை_சிங்காநல்லூர்:
பிளைவுட் என்ன காப்பரா பளபளக்க? சூடு உள்ளே இறங்க நேரம் ஆகும், ஒத்துக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். மத்தியானம் முழுக்க நிற்கிற வண்டியில் நேரத்துக்கு என்ன குறைச்சல்? உள்ளே இறங்கிய சூடு வெளியே வரவும் அதே அளவு நேரம் எடுக்கும்.

இதையும் கேளுங்கள், பையன்கள் படிக்கிறார்கள் என்பதற்காக எழுதுகிறேன். 18 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக. 5 ஏஹெச் என்றால் பெரும்பாலும் அந்த வரிசை இரண்டு, மொத்தம் 10 செல். முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வரை நிற்கும். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் செல் வேகமாகக் கிழடாகும். ஒருநாளில் வெடிக்காது, அதனால்தான் "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல முடிகிறது. இரண்டு கோடை தாண்டிய பிறகு, முன்பு நாள் முழுக்க ஓடிய பேட்டரி மத்தியானமே படுத்துவிடும். உடனே கம்பெனியைத் திட்டுவார்கள்.

சார்ஜும் அப்படித்தான். 10 முதல் 40 டிகிரிக்குள் சார்ஜ் போடு, சூடாக இருந்தால் ஆறவிடு என்று மகிடா புத்தகம் சொல்கிறது. டிசி18ஆர்சி உள்ளே ஃபேன் வைத்து பேட்டரிக்குள் காற்று ஊதுவது எதற்கு? வெயிலில் கிடந்த பேட்டரியைச் செருகினால் சார்ஜர் விளக்கு மினுக்கிக்கொண்டு காத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு சார்ஜர் கெட்டுவிட்டது என்று கடையில் சண்டை போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாதபோது டூலிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் பேட்டரியைக் கழற்று என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. "கழற்று" என்று அச்சிலேயே இருக்கிறது!

டூப்ளிகேட் பேட்டரி வாங்கச் சொல்லிப் போன வருடம் இங்கே வாதாடியவர் யார் என்பதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஏசி_ஃபிட்டர்_தாம்பரம்:
அந்தக் கதையை இங்கே இழுக்காதீர்கள். டூப்ளிகேட் என்று நான் சொல்லவில்லை, வேறு கம்பெனி என்றுதான் சொன்னேன், இரண்டும் ஒன்றில்லை.

"பயன்படுத்தாதபோது" என்றால் மாதக்கணக்கில் அலமாரியில் கிடப்பது. நான் தினமும் பயன்படுத்துகிறேன்.

மரவேலை_சிங்காநல்லூர்:
வேறு கம்பெனி என்ற பெயரில், கையில் தூக்கினாலே லேசாக இருக்கிற 6 ஏஹெச் பேட்டரி படம் போட்டீர்கள். 6 ஏஹெச் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கு அசல் 5 ஏஹெச்சை விட லேசாக இருந்தால் உள்ளே என்ன செல் இருக்கும்? தினமும் பயன்படுத்துகிறவர் ராத்திரியும் பயன்படுத்துகிறாரா?

வீட்டுப்_பட்டறை:
நான் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவன். இரண்டு பேட்டரிதான் இருக்கிறது, சில சமயம் மாதக்கணக்கில் தொட மாட்டேன். முழுச் சார்ஜில் வைக்கவா, பாதியில் வைக்கவா? சுவரில் சார்ஜிங் பலகை அடிக்கலாம் என்று நினைக்கிறேன், எங்கே அடிப்பது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_டர்னர்:
பொழுதுபோக்குக்கு எதற்கு தம்பி 18 வோல்ட்? வாங்கியதுதான் வாங்கினீர்கள், 20 வோல்ட் வாங்கியிருந்தால் பவராவது இருந்திருக்கும்.

சோலார்_திண்டுக்கல்:
ஐயா, 18ம் 20ம் ஒன்றுதான். அதே ஐந்து செல். சராசரியைச் சொன்னால் 18, முழுச் சார்ஜில் சுமையில்லாமல் அளந்தால் 20. டிவால்ட் அமெரிக்காவில் 20 மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் விற்பது அதே வகைதான்.

பழைய_டர்னர்:
கடைக்காரர் 20தான் பவர் என்றார். அவர் வியாபாரத்தில் எத்தனை வருடம் இருக்கிறார் தெரியுமா? 20 பெரிதா 18 பெரிதா என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள்.

மரவேலை_சிங்காநல்லூர்:
வீட்டுப் பட்டறைத் தம்பிக்கு: பாதிச் சார்ஜில் வையுங்கள், வெயில் படாத அலமாரியில். ஆறு மாதத்துக்கு மேல் தொடவில்லை என்றால் எடுத்து ஒருமுறை சார்ஜ் போடுங்கள். சார்ஜிங் பலகையை மரத்தூள் விழுகிற பக்கம் அடிக்காதீர்கள். சார்ஜருக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் ஒன்று வையுங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச், பட்டறையைப் பூட்டும்போது அதை அணையுங்கள். தூள் குவிந்த டேபிளில் சார்ஜரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற கார்ப்பென்டர்களைப் பார்த்தால் வயிறு கலங்கும். முக்கியமாக, டூலில் மாட்டியே வைக்காதீர்கள். சில பேர் அப்படி வைக்கச் சொல்வார்கள்.

ஏசி_ஃபிட்டர்_தாம்பரம்:
சில பேர் என்ன சில பேர், என்னைத்தானே சொல்கிறீர்கள்.

சரி, உங்கள் அருமைப் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். எல்லாப் பேட்டரியும் ஒரே பெட்டியில். டீக்கடையில் மறந்தால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் எவனாவது தூக்கினால் மொத்தமும் போச்சு, அன்றைக்கு வேலையே இல்லை. கையால் அடித்த பிளைவுட் பெட்டி வேறு. எல்பாக்ஸ், மேக்பேக் என்று ஒன்றன்மேல் ஒன்று பூட்டுகிற பெட்டி வந்து எவ்வளவு காலம் ஆகிறது.

மரவேலை_சிங்காநல்லூர்:
மேக்பேக் நல்ல பெட்டிதான், சிஸ்டெய்னர் என்கிற இன்னொரு அடுக்குப் பெட்டியோடும் பூட்டும், யார் இல்லை என்றது? அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ள மூன்றை இறக்க வேண்டும். கஸ்டமர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், நேரம் இல்லை என்று சொன்னவர்தான் இப்போது அடுக்குப் பெட்டிக்கு வக்காலத்து வாங்குகிறார். திருட்டைப் பற்றியும் சொல்கிறேன். ராத்திரி தெருவில் நிற்கும் வண்டிக் கண்ணாடியை உடைத்தால் டூலும் பேட்டரியும் ஜோடியாகப் போகும். பேட்டரி இல்லாத டூலைத் தூக்கியவனுக்குப் பாதி லாபம்கூட இல்லை.

அப்புறம் என் பெட்டியைக் கையால் அடித்தது என்று கேவலமாகச் சொன்னீர்கள். கையால் அடிப்பதுதான் என் தொழில். மூலைக்கு மூலை ஃபிங்கர் ஜாயின்ட், ஸ்க்ரூ ஒன்றுகூட இல்லை, அதனால் டெர்மினலில் உட்கார இரும்பே கிடையாது.

சோலார்_திண்டுக்கல்:
ஃபிட்டர் தம்பி, இன்வெர்ட்டர் ப்யூர் சைனா, படிப்படியான அலை தருகிற மாடிஃபைடா? இன்வெர்ட்டரைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் இல்லை.

ஏசி_ஃபிட்டர்_தாம்பரம்:
வேலை செய்கிற இன்வெர்ட்டர்.

சிங்காநல்லூர் அண்ணா, பேட்டரிமேல் தெர்மோகப்பிள் (தொட்டுச் சூடு அளக்கும் சென்சார் ஒயர்) ஒட்டி, வண்டியை மூடி வைத்து, மீட்டரோடு படம் போடுங்கள். அதுவரைக்கும் 57 என்பது பலகையின் சூடு.

மரவேலை_சிங்காநல்லூர்:
தெர்மோகப்பிள் வைத்திருப்பது ஏசி மெக்கானிக் நீங்கள். கத்திரி வெயிலில் உங்கள் வண்டியை ரோட்டில் நிறுத்தி, உங்கள் பேட்டரியில் ஒட்டி, நீங்கள் போடுங்கள் படம். 50க்குக் கீழே காட்டினால் அப்போது பேசலாம்.

ஏசி_ஃபிட்டர்_தாம்பரம்:
சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும்.

மரவேலை_சிங்காநல்லூர்:
முதலில் சொன்னது யார்? "ஒன்றும் ஆகாது" என்று எழுதியது யார்? மேலே போய்ப் படியுங்கள்.

பழைய_டர்னர்:
கடைக்காரரிடம் மறுபடி போன் போட்டுக் கேட்டேன். 20தான் பவர் என்கிறார்.