விண்டோவ வேற டெஸ்க்ரொப்புக்கு அனுப்பப் போய் மாட்டின கதை இருக்கா?

கல்லடி_வாத்தி:

டபிள்யூஎம்கன்ட்ரோல் எண்டா லினக்ஸ்ல விண்டோவைக் கட்டளையால நகர்த்துற, மூடுற புரோகிராம், இங்க கன பேருக்குத் தெரியும், நேர வாறன். 2021, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நேரம். சூம்ல கணிதப் பரீட்சை. வினாத்தாள் இடப்பக்கம், விடை வலப்பக்கம். டெஸ்க்ரொப் முழுக்க ஷெயார் பண்ணுறத்துக்கு முதல் ஒரு கீயை அமத்தினா, தலைப்புல "விடை" எண்டு இருக்கிற விண்டோ, திரையில தெரியாத இரண்டாவது டெஸ்க்ரொப்புக்குப் போயிரும். மைனஸ் ஆர் விடை (எந்த விண்டோ), மைனஸ் ரீ 1 (எந்த டெஸ்க்ரொப், சைபர்ல இருந்து எண்ணினா). அவ்வளவுதான் ஸ்கிரிப்ட்.

அண்டைக்கு ஃபயர்ஃபொக்ஸ்ல "விடைத்தாள் திருத்தும் முறை" எண்டு ஒரு பக்கம் திறந்து கிடந்திருக்கு. போனது அது. விடை அப்படியே திரையில.

நான் பார்த்துக்கொண்டு இருந்தது கைப்போன்ல, பிள்ளைகள்ட முகத்த. நாப்பது பேர், ஒரு சத்தமும் இல்ல. நல்லா எழுதுறாங்க எண்டு தேத்தண்ணி குடிக்கிறன். பதினைஞ்சு நிமிசம் கழிச்சு சாட்ல ஒரு பிள்ளை: "சேர், விடை தெரியுது. மூடுங்க."

முப்பது பேருக்கு மேல 90 தாண்டிட்டாங்க. அந்தப் பிள்ளைக்கு 62.

காத்தான்குடி_கொப்பிக்கடை:

எனக்கு நடந்தது மைனஸ் சீயால, அது விண்டோவை மூடுற கட்டளை. கடை பூட்டக்குள்ள "பெயரிடாதது" எண்டு கிடக்கிற குப்பை விண்டோவெல்லாம் மூட ஒரு ஸ்கிரிப்ட் வெச்சிரிந்தன். சேமிக்கவா எண்டு லிப்ரே ஒஃபிஸ் கேக்கும், நான் பாக்காமலே வேணாம் எண்டு அமத்துவன். கை பழகிட்டு.

ஒரு நாள் மஃரிபுக்கு கிட்ட, ஒரு உம்மா காணிக் கடிதம் ஒண்டு அடிக்க வந்திரிந்தாங்க. அவங்க சொல்லச் சொல்ல ஒண்டரை மணித்தியாலம் அடிச்ச கடிதம், இன்னும் பேர் வெக்கல்ல. கரண்ட் போகப் போகுது எண்டு அவசரத்துல அந்தக் கீயை அமத்திட்டன், வேணாமும் குடுத்திட்டன்.

அவங்க ஏசல்ல. "சரி மகன், திரும்பச் சொல்றன், எழுதுங்க" எண்டாங்க. ரெண்டாம் தரம் சொல்லக்குள்ள, மொதல் தரம் அழுது அழுது சொன்ன ஒரு விசயத்தச் சொல்லல்ல. நானும் கேக்கல்ல.

செங்கலடி_சேர்வர்:

ரெண்டு பேரும் செய்தது ஒரே பிழை. விண்டோட தலைப்ப நம்பி ஸ்கிரிப்ட் எழுதுறது, சட்டை நிறத்தப் பார்த்து ஆளுக்குக் காசு குடுக்கிற மாதிரி. தலைப்புல எந்த மூலைல அந்தச் சொல் இருந்தாலும் அதுக்குப் போதும், பட்டியல்ல முதல் அகப்பட்டத்தப் புடிக்கும். பட்டியல் வழமையா திறந்த வரிசை. வாத்தி, உங்கட ஃபயர்ஃபொக்ஸ் முதல் திறந்திருக்கும், விடை மறுகா. அதான்.

முதல் மைனஸ் எல் அடிச்சுப் பாருங்க, திறந்து கிடக்கிற விண்டோப் பட்டியல் வரும். இடப்பக்கம் சைபர் எக்ஸ் எண்டு தொடங்குற ஐடி வரும். அத எடுத்து மைனஸ் ஐயோட குடுங்க. ஐடி ஏலாட்டி மைனஸ் எக்ஸ் போட்டு எந்தப் புரோகிராம் எண்டு கிளாஸ் பேரால புடிங்க. தலைப்புத்தான் வேணுமெண்டா கெப்பிட்டல் எஃப், முழுத் தலைப்பும் ஒத்து வந்தா மட்டும் தொடும். டெஸ்க்ரொப் எண்ணிக்கை சைபர்ல தொடங்கும், மைனஸ் ரீ 2 எண்டா மூண்டாவது. மைனஸ் ஏ குடுத்தா நீங்க விண்டோ இருக்கிற இடத்துக்குப் போவீங்க, கெப்பிட்டல் ஆர் குடுத்தா விண்டோ உங்களுக்கிட்ட வரும். இதுல தடுமாறினா அரை நாள் போகும். குரோன்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டுறது) போட்டா எந்தத் திரை எண்டு சொல்ற டிஸ்ப்ளே மாறியையும் எழுதுங்க, இல்லாட்டி டிஸ்ப்ளே திறக்க ஏலா எண்டு நிண்டிரும். மூடுற வேலைய ஸ்கிரிப்டுக்கிட்ட குடுக்கவே குடுக்காதீங்க.

என்ட கதை? உபுண்டு 22.04க்கு ஏத்தின அண்டைக்கு என்ட ஸ்கிரிப்ட் பாதி விண்டோவைக் காணல்ல. காரணம் வேலண்ட், விண்டோவைத் திரையில காட்டுற புது முறை. பழைய முறைக்கு எழுதின புரோகிராம்கள் எக்ஸ்வேலண்ட் ஊடா ஓடும், அது மட்டும்தான் டபிள்யூஎம்கன்ட்ரோல்ட கண்ணுக்குத் தெரியும். லொகின்ல பல்சக்கரத்த அமத்தி ஸோர்க் எண்ட பழைய முறையைத் தெரிஞ்சன், முடிஞ்சுது.

காத்தான்குடி_கொப்பிக்கடை:

காக்கா, அந்த உம்மாட கடிதத்துக்கும் கெப்பிட்டல் எஃப்புக்கும் என்ன சம்பந்தம்?

திருக்கோவில்_கரையான்:

சேர்வர் அண்ணன், ஐடி எல்லாம் சரி. விண்டோ பொறக்க முதல் ஐடிக்கு எங்க போற?

என்ட மெசின் பழசு, ஹாட் டிஸ்க். காலைல ஒரு ஸ்கிரிப்ட்: லிப்ரே ஒஃபிஸ் திறக்கும், அஞ்சு செக்கன் தூங்கும், பிறகு ஆக்டிவா இருக்கிற விண்டோவை மூண்டாவது டெஸ்க்ரொப்புக்கு அனுப்பும். அஞ்சு செக்கன் காணும் எண்டு நினைச்சன். அண்டைக்கு அது இருவது செக்கனாகியும் வரல்ல.

அந்த இடைல கட்டார்ல இருந்து தம்பி மெசஞ்சர்ல எடுத்திட்டான். அம்மா வந்து கதிரைல இருந்தா, நான் கோல் விண்டோவைக் கிளிக் பண்ணிக் குடுத்தன். ஆக்டிவ் இப்ப தம்பி. டக்கெண்டு ஆள் மறைஞ்சிட்டான். ஆனா கதைக்கிற சத்தம் ஸ்பீக்கர்ல வந்துகொண்டே இருக்கு. வெறும் நீலத் திரை, அதுக்குள்ள இருந்து "அம்மா, சாப்பிட்டீங்களா?"

அம்மா திரைல கைய வெச்சுத் தடவுறா. "தம்பிட முகம் எங்கடா போச்சு, அவனுக்கு என்னடா?" மூண்டாவது டெஸ்க்ரொப்புக்குப் போய் நான் காட்டுறத்துக்குள்ள லைன் போயிட்டு. அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் அம்மா சோறு தின்னல்ல.

இப்ப எக்ஸ்டூடூல் எண்ட இன்னொரு விண்டோப் புரோகிராம்ல சேர்ச்சோட சிங்க் போட்டிருக்கன். விண்டோ வரும்வரை காத்திருந்துதான் தொடும். ஆனா தம்பி எடுத்தா அம்மா கொம்பியூட்டர்ல கதைக்க மாட்டா. கைப்போன்தான்.

செங்கலடி_சேர்வர்:

சிங்க் நல்லது. ஆனா அந்த விண்டோ வராமலே போனா ஸ்கிரிப்ட் அங்கேயே நிண்டுகொண்டு கிடக்கும், ரைம்அவுட் கட்டளையோட சேர்த்து ஓட்டுங்க. ஆக்டிவ் எண்டு எழுதுறத்த விட்டுருங்க, ஆர் எப்ப எங்க கிளிக் பண்ணுவாங்க எண்டு சொல்ல ஏலா.

வாத்தி, ஒண்டு கேக்கணும். அந்தப் பரீட்சைய மறுபடி வெச்சீங்களா?

கல்லடி_வாத்தி:

இல்ல. வெச்சா ஏனெண்டு தாய் தகப்பனுக்குச் சொல்லோணும். புள்ளிய அப்படியே குறூப்ல போட்டன். அந்தப் பிள்ளைட தாய் ஃபோன் எடுத்து, "என்ன சேர், எல்லாருக்கும் 90, இவளுக்கு மட்டும் 62, இவள் படிக்கிறாளே இல்லையா?" எண்டு கேட்டவ. கவனம் காணாது எண்டு சொன்னன்.