ஐரிஷ் கித்தார்: பக்கவாத்தியமாக மட்டும் வாசித்துப் பிழைக்க முடிந்ததா?

எஸ்டேட்_கித்தார் (சுங்கை சிப்புட்)
வணக்கம். கோயில் பஜனைக்கும் கல்யாண வீட்டுக்கும் கித்தார் வாசிக்கிறேன். இப்போது பாத்தி பேண்ட் என்ற ஐரிஷ் நாட்டுப்புற இசைக் குழுவின் பைத்தியம் பிடித்திருக்கிறது. அதில் கித்தார் வாசித்த மீஹால் ஓ டோனலின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மேஜரா மைனரா என்றே பிடிபடவில்லை. அப்புறம், அந்த மனுசன் தனி ஆவர்த்தனமே வாசிக்காமல் வாழ்நாள் முழுக்க எப்படிச் சம்பாதித்தார்? வீட்டில் என்னைக் கேட்கிறார்கள், அதான்.

வீணை_அக்கா
தம்பி, அவர் தந்தி கட்டுவதே வேறு மாதிரி. ஆறாவது, இரண்டாவது, முதல் தந்தி மூன்றையும் இரண்டிரண்டு ஃப்ரெட் அளவு இறக்கிப் பாருங்கள், நம் கணக்கில் ச ப ச ம ப ச வரும். மேஜரா மைனரா என்று காட்டுகிற காந்தாரமே கிடையாது, பிறகு மேஜர் ஏது, மைனர் ஏது? ஃபிடில்காரர் எந்தப் பக்கம் போனாலும் கித்தார் குறுக்கே நிற்காது, கீழே சுருதிப் பெட்டி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். 1960களில் இங்கிலாந்தின் கித்தார்காரர் டேவி கிரகாம் தொடங்கிய முறை இது. மொரோக்கோவில் ஊத் என்ற தந்தி வாத்தியக் கலைஞர்களோடு வாசிக்கத்தான் அவருக்கு அது தேவைப்பட்டதாம்.

பழைய_ரேடியோ
சம்பாத்தியம் என்றால் கதை வேறு. மீஹால் தங்கைகளோடு ஸ்காரா பிரே குழுவில் 1971இல் ஒரே ஓர் இசைத்தட்டு. பாத்தி பேண்ட் எழுபதுகளின் நடுவில் தொடங்கி 1979இலேயே கலைந்துவிட்டது. இவ்வளவு பேர் வாங்கிய குழுவுக்கு அவ்வளவுதான் ஆயுசு! பிறகு ஃபிடில்காரர் கெவின் பர்க்கோடு ஜோடியாக வாசித்தார், அமெரிக்காவில் போர்ட்லண்டில் குடியேறினார். அங்கே பில்லி ஆஸ்கேயோடு தொடங்கிய நைட்னாய்ஸ் குழுவின் இசை விண்டம் ஹில் என்ற இசைத்தட்டு கம்பெனியில் வெளிவந்தது, அது சுத்த நாட்டுப்புற இசை இல்லை. மரபு கெட்டது என்று முனகுகிறவர்களை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை, வாடகையை அவர்களா கட்டுவார்கள்? 2006இல் டப்ளினில் காலமானார்.
கித்தார்காரர் ஆர்ட்டி மெக்ளின் வாசிப்பையும் கேட்டுப் பாருங்கள். வட அயர்லாந்தில் ஓமா ஊர்க்காரர். ஷோபேண்டில், அதாவது நம் கல்யாண வீட்டு பேண்ட் மாதிரி, வருசக்கணக்கில் வாசித்தவர். 1980இல் தனித்தட்டு போட்டு, ஃபிடிலுக்கான நடன மெட்டுகளைக் கித்தாரிலேயே வாசித்துக் காட்டினார். பாடகர் வான் மாரிசனோடும் வாசித்திருக்கிறார். ஆக, கல்யாண வீட்டு வேலையை விட்டுவிடாதீர்கள்.

எஸ்டேட்_கித்தார்
நன்றிக்கா, நன்றிண்ணே. ச ப ச ம ப ச வைத்துப் பார்த்தேன், சுகமாக இருக்கிறது, ஆனால் ஆறாவது தந்தி தொளதொள என்று ஃப்ரெட்டில் அடிக்கிறது.

வீணை_அக்கா
மெல்லிய தந்தியாக இருக்கும். கொஞ்சம் தடித்த செட் போடுங்கள், சரியாகிவிடும்.