பைதான் 3.13 போட்டதும் ரிங்டோன் வெட்டும் நிரல் நின்றுபோச்சு, உதவுங்கள்

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, காது கொஞ்சம் மந்தம். போனோடு வருகிற கீச்சு ரிங்டோன் எதுவும் அவருக்குக் கேட்பதே இல்லை. அதனால் தங்கை கல்யாணத்தில் நானே பதிவு செய்த தவில் தனியாவர்த்தனத்திலிருந்து, வீட்டில் ஆளுக்கொரு 28 நொடித் துண்டு வெட்டி ரிங்டோனாக வைத்துக் கொடுப்பேன். வெட்டுவதற்கு, ஒலிக்கோப்புகளைக் கையாளும் பைடப் நூலகத்தை வைத்துப் பதினைந்து வரியில் ஒரு பைதான் நிரல். மூன்று வருடமாகக் கைகொடுத்தது.

போன வாரம் 3.11-க்குப் பக்கத்திலேயே 3.13-ஐ நிறுவினேன். இப்போது ஓட்டினால் 'பைஆடியோஆப் என்ற மாட்யூல் (நிரல் துணுக்கு) இல்லை' என்று பிழை. என் நிரலில் அந்தப் பெயரே கிடையாது! அதைத் தேடி ஒரு ராத்திரி வீணானதுதான் மிச்சம்.

(கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.)

கருப்புத்திரை:
நீங்கள் தேடியது தப்பான ஆளை. பைடப் முதலில் கூப்பிடுவது ஆடியோஆப்பை. அது பைதானோடு கூடவே வந்துகொண்டிருந்த மாட்யூல். அது கிடைக்காவிட்டால் பைஆடியோஆப்பைக் கேட்டுப் பார்க்கும், அதுவும் இல்லை என்றதும் பிழையின் கடைசி வரியில் இரண்டாவது பெயர் வந்து நிற்கும். பிழையைக் கொஞ்சம் மேலே இருந்து படித்திருந்தால் முதல் பெயரும் தெரிந்திருக்கும்.

2024 அக்டோபரில் வந்த 3.13-இல் ஆடியோஆப்பை எடுத்துவிட்டார்கள். பெப் 594 என்ற தீர்மானத்தின்படி டெல்நெட்லிப், சிஜிஐ, கிரிப்ட் என 19 பழைய மாட்யூல்கள் ஒரே நாளில் காலி. 3.11-லேயே எச்சரிக்கை கொடுத்தார்கள், ஆனால் நூலகத்துக்குள் எழுகிற அந்த வகை எச்சரிக்கையைப் பைதான் வழக்கமாகக் காட்டாது. 'டபிள்யூ டீஃபால்ட்' என்ற விருப்பத்தோடு ஓட்டினால்தான் தெரியும். பைடப்பின் 0.25.1 பதிப்பு 2021-இல் வந்தது. அதற்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

மருந்து: பைதானுக்கு நூலகம் நிறுவும் 'பிப்' கட்டளையில் 'பிப் இன்ஸ்டால் ஆடியோஆப்-எல்டிஎஸ்'. எடுத்த மாட்யூலையே தனிப் பொட்டலமாக்கி வைத்திருக்கிறார்கள். நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டாம்.

மாடிவீட்டுக்காரன்:
போட்டேன் அண்ணே. 3.13 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நிறுவ முடியும் என்று மறுக்கிறது. என்னிடம் இருப்பதே 3.13 தானே?

கருப்புத்திரை:
இரண்டு பைதான் இருக்கிறது இல்லையா? உங்கள் 'பிப்' இன்னும் பழைய 3.11-உடையது. விண்டோஸ் என்றால் 'பை -3.13 -எம் பிப் இன்ஸ்டால் ஆடியோஆப்-எல்டிஎஸ்' என்று, எந்தப் பைதானுக்கு என்பதைச் சொல்லியே நிறுவுங்கள். அவசரமென்றால் 'பை -3.11' என்று சொல்லி நிரலை ஓட்டுங்கள், இன்றைக்கே வேலை முடியும். இனிமேல் இந்த நிரலுக்கென்று ஒரு வென்வ் (தனிப் பைதான் சூழல்) வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுக்கத்தி:
28 நொடி வெட்டப் பைதான் எதற்கு? பைடப்பே எம்பி3-ஐத் திறக்க, ஒலி-ஒளிக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் கருவியைத்தான் கூப்பிடுகிறது. நேரே அதையே ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. எந்த நொடியில் தொடக்கம், எவ்வளவு நீளம், இரண்டு எண் போதும்.

மாடிவீட்டுக்காரன்:
ஆடியோஆப் வேலை செய்துவிட்டது, நன்றி! கத்தி அண்ணனுக்கு: ஒன்பது பேருக்கு ஒன்பது துண்டு, அதனால்தான் நிரல். இன்னொரு சிக்கல். அக்காவிடம் ஐபோன். ஐபோன் ரிங்டோன் வடிவமான எம்4ஆர் என்று பெயர் கொடுத்து எழுதச் சொன்னால் எஃப்எஃப்எம்பெக் 'வடிவம் தெரியவில்லை' என்கிறது.

வெட்டுக்கத்தி:
எம்4ஆர் என்பது எம்4ஏ-தான், பெயர் மட்டும் வேறு. பைடப்பில் ஃபார்மட்டை 'ஐபாட்' என்று கொடுத்து எம்4ஏ-வாக எழுதிவிட்டு, பிறகு பின்னொட்டை மாற்றுங்கள். ஐஓஎஸ் 26 என்றால் அதுவும் வேண்டாம். எம்4ஏ-வை ஃபைல்ஸ் செயலியில் திறந்து, பகிர் பட்டியலில் ரிங்டோனாக வைத்துக்கொள்ளலாம். 30 நொடிக்குள் இருக்கட்டும். பைடப்பில் வெட்டும் எண் மில்லிநொடியில் என்பதை மறக்காதீர்கள். 28 என்று போட்டால் ஒரு 'டக்'கூட வராது.

ஆதிதாளம்:
நிரல் பற்றி எனக்குத் தெரியாது, தவில் வீட்டுக்காரன். அப்பாவுக்கு எந்தத் துண்டு வெட்டினீர்கள்? வயதானால் முதலில் போவது உச்ச ஒலி. வலந்தலையின் (தவிலின் வலப்பக்கம்) விரல் கூட்டு நடை அவருக்குப் பாதிதான் விழும். சரி, தொப்பிப் பக்கம் (இடப்பக்கம்) போடலாம் என்றால், போன் ஸ்பீக்கர் அந்தத் தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடும். ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அவர் போனிலேயே பக்கத்து அறையில் வைத்துப் பாருங்கள். மனிதக் குரல் நடுவில் விழும், அதுதான் நன்றாக எட்டும்.

மாடிவீட்டுக்காரன்:
ஹெட்போனில்தான் கேட்டு முடிவு செய்திருந்தேன்! அதோடு நிரலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அழகுக்காக 4 நொடி ஃபேட்-இன் (ஒலி மெல்ல ஏறுவது) வைத்திருக்கிறேன். மந்தக் காதுக்கு முதல் நான்கு நொடியும் போச்சு. அதை எடுத்துவிட்டு, ஒலியளவைக் கூட்ட நார்மலைஸ் போட்டு, என் மகள் 'தாத்தா, போனை எடு' என்று கூப்பிடுவதைப் பதிவு செய்து ஆண்ட்ராய்டின் ரிங்டோன்ஸ் அடைவில் போட்டேன்.

நேற்று கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பிறகு விசாரித்தால், பேத்தி வந்திருக்கிறாள் என்று வாசல் கதவைத் திறக்கப் போயிருக்கிறார். திரும்பவும் தவிலுக்கே போகிறேன், நடுவில் மகள் குரல் ஒரே ஒரு முறை.