'போஸ்ட் எக்ஸர்ஷனல் மலேஸ்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

நாட்பட்ட சோர்வு நோயுள்ள பெண்களிடம் உடற்பயிற்சிக்குப் பின் நோயெதிர்ப்பு எப்படி மாறுகிறது என்ற கட்டுரையின் தமிழ் வரைவில், மேற்கண்ட தொடர் (உழைப்புக்குப் பின் நோய்க்குறிகள் கடுமையாவதைக் குறிப்பது) "உடற்பயிற்சிச் சோர்வு" என்று இருக்கிறது. "உழைப்பு ஒவ்வாமை", "உழைப்புவழி அழற்சி" என்ற யோசனைகளும் வந்துள்ளன. எதை வைக்கலாம்?

---

> உடற்பயிற்சிச் சோர்வு

வேண்டாம். ஓடிவிட்டு வந்தால் எவருக்கும் சோர்வு வரும், படுத்து எழுந்தால் போய்விடும். இந்நோயில் வருவதோ பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும். திங்கள் காலை மாடி ஏறியவருக்குச் செவ்வாய் மாலைதான் தொண்டை வலிக்கும், கழுத்தில் நெறி கட்டும், படித்த வரியே மனசில் நிற்காது. நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். சோர்வு என்று எழுதினால் "கொஞ்சங்கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டுங்கள்" என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2021-இல் கைவிட்ட சிகிச்சை அதுவே.

'பயிற்சி'யும் போதாது. கணக்குப் பார்த்தாலும், நெடுநேரம் பேசினாலும் இது வரும். 'மூளை உழைப்பு' வழக்கில் இருப்பதால் 'உழைப்பு' இரண்டுக்கும் பொருந்தும்.

> உழைப்பு ஒவ்வாமை

ஆபத்தான சொல். உடற்பயிற்சியால் தூண்டப்படும் கடும் ஒவ்வாமை என்று தனி நோயே உண்டு. மூச்சுத் திணறி, உடனே எபிநெஃப்ரின் ஊசி போட வேண்டிய நிலை. 'இன்டாலரன்ஸ்' வருமிடத்தில் 'தாளாமை' இருக்கட்டும்.

> உழைப்புவழி அழற்சி

நலமுள்ள உடம்பிலும் நெடுநேர உழைப்பில் தசையே இன்டர்லூக்கின்-6 என்ற நோயெதிர்ப்புச் செய்திப் புரதத்தைச் சுரக்கிறது. பின்னாலேயே அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10 வருகிறது. 2014-இல் வந்த தொகுப்பாய்வின்படி, இந்நோய் உள்ளவர்களிடம் பயிற்சிக்குப் பின் காம்ப்ளிமென்ட் எனும் நோயெதிர்ப்புக் குருதிப் புரதங்களின் எதிர்வினையும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கூடுதல். ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் எதிர்வினை தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது. குருதியிலுள்ள சைட்டோகைன்களில் (இன்டர்லூக்கின் போன்ற செய்திப் புரதங்களில்) மட்டும் வேறுபாடு தெரியவில்லை. காரணம் உறுதியாகாதபோது பெயரில் அதை ஒட்டக்கூடாது. (தவிர, அழற்சியையும் அயர்ச்சியையும் குழப்பாத தட்டச்சர் அரிது.)

என் பரிந்துரை: உழைப்புப் பின்னலிவு.

---

'நலிவு' சரி. சோர்வுக்கும் நோய்க்கும் நடுவில் நிற்கிற சொல். ஆனால் பின் + நலிவு புணர்ந்ததும் கண் 'பின்னல்' என்றுதான் படிக்கிறது! 'பின்னடைவு' எளிது, ஆனால் 'ரிலாப்ஸ்' என்பதற்கு அது வேண்டும். நலிவு முற்றிச் சிலருக்குப் பின்னடைவாகிறது என்று அதே கட்டுரை இரண்டையும் பிரித்துப் பேசுகிறது.

உழைத்தபின் நலிவு என்று பிரித்தே வைப்போம். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"மிதிவண்டிச் சோதனை 24 மணி நேர இடைவெளியில் இருமுறை நடந்தது. உழைத்தபின் நலிவு உள்ளவர்கள் முதல்நாள் எட்டிய வேலையளவை மறுநாள் எட்டவில்லை."

தடங்கல் இல்லை.

---

ஏற்கிறேன். ஒரு சிக்கல்: அட்டவணையில் குருதி எடுத்த நேரம் "உழைத்தபின் 24 மணி" என்று இருக்கிறது. நோயின் பெயரோடு மோதும். அங்கெல்லாம் "சோதனை முடிந்து 24 மணி" என்று மாற்றிவிடுகிறேன்.