கிளோன் பண்ண எஸ்.எஸ்.டி. தனியா பூட் ஆகலை. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்

கணக்கு_ரங்கூன்:
அண்ணன்மாரே, அவசரம். கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர். பழைய ஹார்ட் டிஸ்க் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சதால புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கி, பழசுல இருந்த எல்லாத்தையும் அப்படியே அதுல கிளோன், அதாவது காப்பி, பண்ணேன். நூறு சதவீதம் முடிஞ்சதுன்னு காட்டுச்சு. இப்ப பழசைக் கழட்டினா நீலத் திரையில ஏதோ எரர் வருது. ஞாயித்துக்கிழமை தீமிதி கமிட்டிக்கு நன்கொடைப் பட்டியல் பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும். எட்டு மணிக்கு கரண்ட் போயிரும், சீக்கிரம் சொல்லுங்க.

பெகு_தம்பி:
அண்ணே, எந்த விண்டோஸ்? ரெண்டு டிஸ்க்கும் எத்தனை ஜிபி? எந்த சாஃப்ட்வேர்ல பண்ணீங்க? "ஏதோ எரர்"னா எப்படிச் சொல்றது, நம்பர் வேணும்.

மோல்மேன்_பட்டறை:
பயாஸ்குள்ள, அதாவது மெஷின் ஆன் ஆனதும் திறக்கற செட்டிங்குள்ள, போய் பூட் முறையில பழைய லெகசியை எடுத்துட்டு புது யூ.இ.எஃப்.ஐ. வைங்க. எஸ்.எஸ்.டி.க்கு அதுதான். என் கடைக்கு வர்ற பாதி கேஸு இப்படித்தான் சரியாகும்.

பெகு_தம்பி:
எஸ்.எஸ்.டி.க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைண்ணே. பழைய டிஸ்க், டிஸ்க்கைப் பகுதி பிரிக்கற பழைய எம்.பி.ஆர். முறையில இருந்தா கிளோனும் அப்படியேதான் வரும். யூ.இ.எஃப்.ஐ. மட்டும் வெச்சா அது எதையுமே கண்டுபிடிக்காது.

பழைய_கை:
இந்தக் கேள்வி மாசம் தவறாம வருது, ஒருத்தரும் பழைய பதிலைத் தேடிப் படிக்கறதில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து ஒரு போட்டோ போட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். கண்டிப்பா யூ.எஸ்.பி. டப்பாவுல மாட்டித்தான் கிளோன் பண்ணியிருப்பீங்க. சில டப்பா டிஸ்க்கோட 512 பைட் துண்டை, அதான் செக்டரை, 4096னு காட்டும். வெளியில அப்படிக் காப்பியான டிஸ்க்கை உள்ள மாட்டினா பார்ட்டிஷன் கணக்கே தப்பாப் போயிரும். அடிப்படை தெரியாம கோயில் கணக்குல கை வெச்சிருக்கக் கூடாது.

கணக்கு_ரங்கூன்:
விண்டோஸ் 10. ரெண்டும் 500 ஜிபி. எஸ்.எஸ்.டி. கம்பெனி குடுத்த சாஃப்ட்வேர்தான். யூ.எஸ்.பி. டப்பா கிடையாது, ரெண்டையும் உள்ளயே சாட்டா வயர்ல மாட்டினேன். மோல்மேன் அண்ணன் சொன்னபடி மாத்திப் பார்த்தேன், பூட் டிஸ்க்கே இல்லைன்னு வந்துச்சு. பழையபடி லெகசிக்கே வெச்சிட்டேன். எரர் நம்பர்: சைபர் எக்ஸ் சி, அப்புறம் ஆறு சைபர், கடைசியில ஈ. கீழே வின்லோட்னு ஒரு ஃபைல் பேரு.

டாங்ஜீ_அக்கா:
தம்பி, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. கிளோன் முடிஞ்சதும், பழசைக் கழட்டாம, ரெண்டும் மாட்டியிருக்கும்போதே விண்டோஸுக்குள்ள போனீங்களா? அங்க புது டிஸ்க் ஆஃப்லைன்னு இருந்துச்சா?

கணக்கு_ரங்கூன்:
ஆமாக்கா. ஆஃப்லைன்னு இருந்துச்சு, ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் குடுத்தேன். ஃபைல் எல்லாம் இருக்கான்னு பார்க்கத்தான். எல்லாம் இருந்துச்சு. அதைச் சொல்லணும்னு தோணலை.

டாங்ஜீ_அக்கா:
அதுதான் விஷயம். கிளோன் கெட்டுப்போகலை, பயப்படாதீங்க.

எம்.பி.ஆர். டிஸ்க்கோட முதல் செக்டர்ல, 440ஆவது பைட்ல, நாலு பைட்டுக்கு ஒரு அடையாள எண் இருக்கும். விண்டோஸோட பூட் பதிவேடு "விண்டோஸ் இந்த எண் உள்ள டிஸ்க்குல, இந்த இடத்துல தொடங்குது"ன்னு அந்த எண்ணை வெச்சுத்தான் குறிச்சு வைக்கும். கிளோன் சாஃப்ட்வேர் எண்ணையும் பதிவேட்டையும் அப்படியே காப்பி எடுத்திருக்கு. அந்த நிமிஷம் கழட்டி மாட்டியிருந்தா ஓடியிருக்கும். ஆனா ரெண்டும் ஒரே எண்ணோட சேர்ந்து இருந்ததால விண்டோஸ் புதுசை ஆஃப்லைன்ல நிறுத்தி வெச்சுது. நீங்க ஆன்லைன் குடுத்ததும் புது டிஸ்க்குக்கு வேற எண் எழுதிருச்சு. அதுக்குள்ள இருக்கற பதிவேடு இன்னும் பழைய எண்ணைத்தான் தேடுது. பழைய டிஸ்க்கைக் கழட்டினதும் தேடற ஆள் ஊர்லயே இல்லை. அதான் விண்டோஸைத் தொடங்கி வைக்கற வின்லோட் ஃபைல் கிடைக்கலைன்னு வருது.

செய்ய வேண்டியது இது. பழசைக் கழட்டியே வைங்க. வேற மெஷின்ல விண்டோஸ் 10 பூட் பென்டிரைவ் ஒண்ணு போட்டுக்குங்க. அதுல பூட் பண்ணி, இன்ஸ்டால் பக்கத்துல கீழே இருக்கற ரிப்பேர் வழியா கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போங்க. டிஸ்க்பார்ட்னு அடிச்சு, லிஸ்ட் வால்யூம் குடுத்து டிரைவ் எழுத்தைப் பாருங்க. இங்கதான் எல்லாரும் தடுக்கி விழறாங்க: இந்தத் திரையில விண்டோஸ் சி-யில இருக்காது, பெரும்பாலும் டி-யில இருக்கும். சி-யில சிஸ்டம் ரிசர்வ்டுன்னு சின்னதா ஒண்ணு உக்காந்திருக்கும். அப்படி இருந்தா, டிஸ்க்பார்ட்டை விட்டு வெளிய வந்து அடிங்க: பிசிடிபூட், இடைவெளி, டி கோலன் பேக்ஸ்லாஷ் விண்டோஸ், இடைவெளி, ஸ்லாஷ் எஸ், இடைவெளி, சி கோலன், இடைவெளி, ஸ்லாஷ் எஃப், இடைவெளி, பயாஸ். பூட் ஃபைல் வெற்றிகரமா உண்டாச்சுன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி வரணும். உள்ள போன பிறகு டிரைவ் எழுத்து மாறியிருந்தா இங்க எழுதுங்க, பழைய எண்ணையே திருப்பிக் குடுக்கற வழியும் இருக்கு.

சத்தம் போடற டிஸ்க்கை சும்மா ஓட்டாதீங்க, ஃபார்மேட்டும் பண்ணாதீங்க. இன்வெர்ட்டர்ல பேட்டரி இருக்கும்போது மட்டும் இதைத் தொடங்குங்க.

மோல்மேன்_பட்டறை:
இவ்வளவு சுத்தி வளைக்கறதுக்கு புதுசாவே விண்டோஸ் போட்டு ஃபைலை காப்பி பண்ணிரலாம். விண்டோஸ் 10க்கு 14 அக்டோபர் 2025ஓட சப்போர்ட் முடிஞ்சுருச்சு. 11ஐப் போடுங்க.

பெகு_தம்பி:
லெகசி மெஷின்ல 11 எப்படிண்ணே போடுவீங்க? அதுக்கு யூ.இ.எஃப்.ஐ.யும் டி.பி.எம். 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். அதுவுமில்லாம கோயில் ரசீது எல்லாம் பழைய ஃபான்ட்ல இருக்கும். எங்க கோயில்ல தமிழ் பாமினி, பர்மா எழுத்து ஜோஜீ. புது விண்டோஸ்ல பாமினி விட்டுப்போனா தாத்தாக்கள் பேரெல்லாம் வெறும் இங்கிலீஷ் கிறுக்கலாத் தெரியும். போன வருஷம் எங்களுக்கு ஆச்சு, இருநூறு பேரை உக்காந்து திரும்ப அடிச்சோம்.

பழைய_கை:
2019 அக்டோபர் 1ஆம் தேதியே பர்மா அதிகாரபூர்வமா யூனிகோடுங்கற பொது எழுத்து முறைக்கு மாறியாச்சு. இன்னும் ஜோஜீ வெச்சிருக்கறது கோயில் கமிட்டிகளோட சோம்பேறித்தனம்.

பெகு_தம்பி:
சோம்பேறித்தனம்னு சொல்லாதீங்க. பாமினி ஆங்கில எழுத்து இருக்கற இடத்துல உக்காந்திருக்கு, அதனால எது பாமினின்னு தெரிஞ்சா மாத்திரலாம். ஜோஜீ அப்படி இல்லை, யூனிகோடு பர்மா எழுத்துக்கு ஒதுக்கின இடத்துலயே வேற ஒழுங்குல உக்காந்திருக்கு. ஒரு வரி ஜோஜீயா யூனிகோடான்னு மெஷின் யூகிச்சுத்தான் சொல்லணும். ஒரே பட்டியல்ல ரெண்டும் கலந்திருந்தா, நன்கொடை குடுத்தவர் பேரு தப்பா அச்சாகும். கோயில்ல அது சின்ன விஷயம் இல்லை. பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு வந்து கேப்பாங்க.

மோல்மேன்_பட்டறை:
பேரு தப்பானா கஷ்டம்தான். ஆனா தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தா அந்த ஃபான்ட்டைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் இருக்க மாட்டாங்க.

பழைய_கை:
அதைத்தான் நான் அஞ்சு வருஷமாச் சொல்றேன்.

டாங்ஜீ_அக்கா:
அதுக்குத் தனி இழை போடுங்க தம்பிங்களா. இவருக்கு எட்டு மணிக்கு கரண்ட் போகுது.

கணக்கு_ரங்கூன்:
அக்கா, நீங்க சொன்ன மாதிரியே சி-யில ரிசர்வ்டு, டி-யில விண்டோஸ். அடிச்சேன், அந்த வரி வந்துச்சு. பென்டிரைவை எடுத்துட்டு ஆன் பண்ணேன், உள்ள போயிருச்சு. டிரைவ் எழுத்து எல்லாம் சரியா இருக்கு. பட்டியல் பிரிண்ட் ஓடிக்கிட்டிருக்கு, நாப்பதாவது பக்கம். ரொம்ப நன்றிக்கா. இன்வெர்ட்டர் கத்துது, வெக்கறேன்.

பெகு_தம்பி:
சந்தோஷம்ணே. பழைய டிஸ்க்கைப் பேப்பர்ல சுத்தி, தேதி எழுதி வைங்க. அப்புறம் ரசீதுல ஒரே ஒரு பக்கம் எனக்கு அனுப்புங்க, அது ஜோஜீயா யூனிகோடான்னு பார்த்துச் சொல்றேன்.