டேஷ்கேமுக்கு இரவில் எந்த லென்ஸ்: 2.8 மி.மீ. எஃப் 1.4-ஆ, 4 மி.மீ. எஃப் 1.8-ஆ?

இராப்பயணி:
வணக்கம். என் டேஷ்கேமில் (காரின் முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா) லென்ஸைக் கழற்றி மாற்றலாம், எம்12 திருகு, அதாவது 12 மி.மீ. விட்டம். உள்ளே சோனி ஸ்டார்விஸ் ஐஎம்எக்ஸ்335 சென்சார். பகலில் ஒரு குறையும் இல்லை, இரவில்தான் மானம் போகிறது. போன வாரம் ஒரு கார் என் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டு நிற்காமல் எனக்கு முன்னாலேயே போனது. வீட்டுக்கு வந்து வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சோப்புக்கட்டி. ஒரு எழுத்துகூட இல்லை.

இப்போது இருப்பது 2.8 மி.மீ. (குவியத் தூரம்; இது கூடினால் பார்வை குறுகும், தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), எஃப் 2.0. மாற்ற நினைத்தால் இரண்டு கிடைக்கின்றன. ஒன்று அதே 2.8 மி.மீ., ஆனால் எஃப் 1.4. இன்னொன்று 4 மி.மீ., எஃப் 1.8. எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடும் என்ற அளவுக்குத் தெரியும். அப்படியானால் 1.4-ஐ வாங்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாமா?

திருகாணி:
1.4-ஐ வாங்கினாலும் உங்கள் சோப்புக்கட்டி சோப்புக்கட்டியாகவே இருக்கும். பிளேட் தெரியாமல் போனது இருட்டால் இல்லை, வெளிச்சம் மிஞ்சிப்போனதால். நம்பர் பிளேட்டின் பூச்சு, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். உங்கள் ஹெட்லைட் அதன்மேல் விழுகிறது, கேமராவோ சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது வாங்கும் வெளிச்சத்தின் அளவை, ஏற்றி வைத்திருக்கிறது, பிளேட் வெந்துபோகிறது. மெனுவில் ஈவி என்று ஒன்று இருக்கும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. இரவுக்கு அதை மைனஸ் 0.7 பக்கம் இறக்கிப் பாருங்கள், படம் கொஞ்சம் மங்கலாகும், எழுத்து வெளியே வரும்.

சரி, லென்ஸுக்கு வருவோம். எஃப் 2.0-லிருந்து 1.4-க்குப் போனால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 1.8 என்றால் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் கூடும். காகிதத்தில் 1.4 ஜெயித்துவிட்டது. ஆனால் கூடுதலாக வந்த வெளிச்சத்தைக் கேமரா எதற்குச் செலவழிக்கிறது என்று பார்க்க வேண்டும். இரவில் பல டேஷ்கேம்கள் ஷட்டரை (ஒரு ஃபிரேமுக்கு ஒளி வாங்கும் நேரத்தை) 1/30 நொடியிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, கெயினை (சென்சார் தரும் சிக்னலைப் பெருக்குவதை) மட்டும் குறைக்கும். படத்தில் மணல் தூவியதுபோல் வரும் புள்ளி குறையும், அசைவால் வரும் இழுவல் அப்படியே இருக்கும். நீங்கள் 50, எதிரே வருபவர் 50 என்று வைத்துக்கொண்டால் 1/30 நொடிக்குள் உங்களுக்கிடையே கிட்டத்தட்ட 90 செ.மீ. குறைந்துவிடுகிறது. பக்கத்தில் கடக்கும் நேரத்தில் அந்த பிளேட்டை எந்த எஃப் எண்ணும் காப்பாற்றாது.

4 மி.மீ. லென்ஸ் வேறு வழியில் உதவுகிறது. உங்கள் சென்சாரில் குறுக்கே 2592 பிக்சல், ஒவ்வொன்றும் 2 மைக்ரான். அரை மீட்டர் அகல பிளேட் 10 மீட்டர் தள்ளி நின்றால் 2.8-இல் 70 பிக்சல் அகலத்துக்கு விழும், 4-இல் 100. பத்து எழுத்து என்றால் ஒன்றுக்கு 7-க்குப் பதில் 10. பகலில் 7 போதும். இரவில் அந்தப் புள்ளியும், வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் கம்ப்ரெஷனும் சேர்ந்து அரித்த பிறகு அந்த மூன்று பிக்சல்தான் 8-ஐயும் 3-ஐயும் பிரித்துக் காட்டும்.

என் ஓட்டு 4-க்கு.

வைப்பர்:
எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. வெள்ளை டிஷ்யூ எடுத்து, கேமராவுக்கு நேர் எதிரே விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். சாம்பல் நிறத்தில் பிசுக்கு வந்தால் அதுதான் பாதி வில்லன். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் கக்கும் ஆவி அங்கே போய்ப் படிகிறது. பகலில் கண்ணுக்கே தெரியாது, எதிரே ஒரு எல்இடி ஹெட்லைட் வந்தால் முழுப் படத்திலும் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். அப்புறம், லென்ஸ் முன்னால் சிபிஎல் ஃபில்டர் (கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பைக் குறைப்பது) மாட்டியிருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள், வருகிற வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். நான் ஒரு வருடம் அதைக் கழற்றாமலே கேமராவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஓரக்கண்:
திருகாணி சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. எல்லோரும் நம்பர் பிளேட்டையே பிடித்துத் தொங்குகிறார்கள். விபத்தில் முதலில் எழும் கேள்வி யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது. இவருக்கு நடந்ததே பக்கக் கண்ணாடி உரசல். 4 மி.மீ. போட்டிருந்தால் அந்த வண்டி நெருங்கி வந்ததே பதிவாகியிருக்காது, திடீரென்று முன்னால் முளைத்த மாதிரி இருக்கும். நான் 2.8-லேயே இருப்பேன். நம்பரை நானே வாய்விட்டுப் படித்துவிடுவேன், மைக் எதற்கு இருக்கிறது? சிரிக்காதீர்கள், இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

திருகாணி:
வாய்விட்டுப் படிப்பது நல்ல யோசனை, சிரிக்கவில்லை. கோணக் கணக்கும் சரிதான்: இந்தச் சென்சாரில் 2.8 பக்கவாட்டில் சுமார் 85 பாகை, 4 சுமார் 65. லென்ஸின் வளைவால் நிஜத்தில் கொஞ்சம் கூடும். (பெட்டியில் 140, 170 என்று போடுவது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தது, அதை நம்பி ஒப்பிடாதீர்கள்.) நெரிசலில் ஓட்டுபவருக்கு அகலம், நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு 4 என்று திருத்திக்கொள்கிறேன்.

இராப்பயணி:
துடைத்தேன். டிஷ்யூ கறுத்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது. ஈவியும் மைனஸ் 0.7. நேற்று இரவு சிக்னலில் முன்னால் நின்ற கார்களின் நம்பர் நன்றாகவே படிக்க வருகிறது, ஓடும்போது இன்னும் இல்லை. என் ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலைதான், அதனால் 4-க்குச் சொல்லிவிட்டேன். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திருகாணி:
வாங்கும்போதே ஐஆர் கட் ஃபில்டர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பது) உள்ளதா என்று பாருங்கள். இப்போதைய ஃபில்டர் பழைய லென்ஸின் பின்பக்கத்திலேயே ஒட்டியிருந்தால் அது அதோடு போய்விடும், அப்புறம் பகலில் மரமெல்லாம் ரோஜா நிறத்தில் தெரியும்.

பழைய லென்ஸின் திருகில் ஒரு சொட்டுப் பசை இருக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி நகத்தால் சுரண்டினால் வந்துவிடும், குறடு போட்டு முறுக்காதீர்கள். ஃபோகஸ்தான் பொறுமையைச் சோதிக்கும். எம்12-இல் ஒரு முழுச் சுற்றுக்கு லென்ஸ் 0.5 மி.மீ. நகரும். 4 மி.மீ. லென்ஸில் 1 மீட்டருக்கும் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கும் உள்ள வித்தியாசமே 0.016 மி.மீ.தான், அதாவது சுற்றில் முப்பதில் ஒரு பங்கு. கை நடுங்கினாலே தாண்டிவிடும். பத்து மீட்டர் தள்ளி ஏதாவது எழுத்துப் பலகையைக் குறிவைத்து, இருட்டிய பிறகு, வீடியோவைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டே திருப்புங்கள். பகலில் வைத்த ஃபோகஸ் எனக்கு ஒருமுறை இரவில் ஏமாற்றிவிட்டது. சரியானதும் பழையபடி ஒரு சொட்டுப் பசை, இல்லாவிட்டால் குலுங்கிக் குலுங்கித் தானாகக் கழன்றுகொள்ளும்.

வைப்பர்:
புது லென்ஸின் பின் கண்ணாடியில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி டிஷ்யூ எடுக்க வைக்காதீர்கள்.