ஆயா வீடு குழு: படையல் மீனுக்கு ஒரு கத்தி

செம்மண்டலம் பெரியம்மா (காலை 6:42): வரும் ஞாயிறு ஆயாவுக்கு முதல் வருடப் படையல். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்துவிடும். மாமா கடலூர் துறைமுகத்தில் வஞ்சிரம் சொல்லி வைத்திருக்கிறார். நம் வீட்டுக் கத்தியில் தக்காளிகூட நறுக்க முடியவில்லை. பெரிய மீன் வெட்ட யாராவது நல்ல கத்தியாக வாங்கி வாருங்கள்.

நெய்வேலி அக்கா: எத்தனை கிலோ பெரியம்மா?

செம்மண்டலம் பெரியம்மா: பன்னிரண்டு. நாற்பது இலை.

சென்னை தம்பி: (படம்) இது எப்படி? டமாஸ்கஸ். தள்ளுபடியில் 1,499.

பாண்டி சித்தப்பா: அலை அலையான கோட்டைப் பார்த்து வாங்காதே தம்பி. உண்மையான டமாஸ்கஸ் என்றால் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி, அடித்துச் சேர்த்திருப்பார்கள். மேலே கோடு மட்டும் போட்டதும் அதே பெயரில் விற்கிறது. என்ன எஃகு என்று போட்டிருக்கிறதா?

சென்னை தம்பி: ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்

முதுநகர் மாமா: வஞ்சிரம் பெரியதா, நடுத்தரமா? முதல் வாரம் விலை கூடத்தான் இருக்கும்.

பாண்டி சித்தப்பா: அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எஃகு ரகத்தின் எண் வேண்டும். கூர் நிற்பது கார்பனால், துருவைத் தடுப்பது குரோமியத்தால். குரோமியம் 10.5 சதவீதமாவது இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ். நல்ல பாத்திரத்துக்குப் போடும் 304-இல் கார்பன் 0.08 சதவீதத்தைத் தாண்டாது, காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தாலும் அது கடினமாகாது. 420 சுலபத்தில் துருப்பிடிக்காது, ஆனால் அடிக்கடி தீட்ட வேண்டும். 440சி-யில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கூர் நன்றாக நிற்கும், ஆனால் வஞ்சிரம் தலையில் ஓங்கிப் போட்டால் விளிம்பு தெறிக்கலாம். ஜெர்மன் சமையல் கத்திகளில் 1.4116 என்ற எஃகைப் பார்க்கலாம். கார்பன் அரை சதவீதம், குரோமியம் 15 அளவு. வீட்டுக்கு அது போதும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உலைக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் நின்றவன் சொல்கிறேன், எந்த எஃகானாலும் தோய்ச்சல் சரியாக இல்லை என்றால் வீண்.

முதுநகர் அத்தை: காபி குடித்தாயா தம்பி?

பாண்டி சித்தப்பா: ஆயிற்று அக்கா.

நெய்வேலி அக்கா: வஞ்சிரம் எதற்கு? ஆயாவுக்குச் சங்கராதானே பிடிக்கும்.

முதுநகர் அத்தை: சுதும்பு. வஞ்சிரம் அப்பாவுக்கு. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செம்மண்டலம் பெரியம்மா: கடைசி மூன்று வருடம் சுதும்புக் குழம்பு வைத்துக் கொடுத்தது நான்தான். அதுவும் இலையில் வரும்.

முதுநகர் மாமா: நடுத்தரம்தானே?

நெய்வேலி அக்கா: ஆயாவின் அருவாமனை எங்கே? எவ்வளவு பெரிய மீனையும் அதில்தானே அறுப்பார்?

செம்மண்டலம் பெரியம்மா (7:31): காரியம் முடிந்த அன்றே முதுநகர் போய்விட்டது.

முதுநகர் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முதுநகர் அத்தை: அண்ணனைக் கேட்டுத்தான் எடுத்து வந்தேன் அண்ணி. பரண்மேல் இருக்கிறது. துரு ஏறிவிட்டது.

பாண்டி சித்தப்பா: அக்கா, அதைத் தூக்கிப் போட்டுவிடாதே! லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது அது. அப்பா பட்டறையில் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.5, 0.6 அளவுதான். எலும்பில் அழுத்தினாலும் சட்டென்று தெறிக்காது. குரோமியம் இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான். அதனால்தான் உங்கள் ஊர் உப்புக் காற்றில் துருப்பிடிக்கிறது. அம்மா அறுத்து முடித்ததும் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைப்பார், நினைவிருக்கிறதா? மேல் துரு என்றால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய், போய்விடும்.

சென்னை தம்பி: சாணை பிடிக்கலாமா சித்தப்பா?

பாண்டி சித்தப்பா: பிடிக்கலாம். தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலமானால் சூடு 300 டிகிரிக்குப் போய்விட்டது, அந்த இடத்தில் தோய்ச்சல் தளர்ந்துவிடும்.

முதுநகர் மாமா: துறைமுகத்திலேயே வெட்டித் தருவார்கள்.

செம்மண்டலம் பெரியம்மா: படையல் மீனை வீட்டில்தான் வெட்ட வேண்டும்.

நெய்வேலி அக்கா: அப்போ கத்தி வாங்கவா, வேண்டாமா?

பாண்டி சித்தப்பா: தலைக்கு அருவாமனை. துண்டு போட 1.4116 ஒன்று வாங்கு. எண் இல்லை என்றால் எனக்குப் படம் அனுப்பு.

முதுநகர் அத்தை: சனிக்கிழமை தேய்த்துக் கொண்டு வருகிறேன். ஆனால் அது என் வீட்டுக்கே திரும்பி வர வேண்டும். அம்மாவின் கை பட்டது.

செம்மண்டலம் பெரியம்மா: முதலில் கொண்டு வா. அப்புறம் பேசலாம்.

பாண்டி சித்தப்பா: சாணைக்கு நான் முதுநகர் வருகிறேன் அக்கா. தனியாகக் கொடுத்துவிடாதே.

முதுநகர் மாமா: ஐஸ் பெட்டி யாரிடம் இருக்கிறது?